தக்கலை: அரண்மனையும் ஞானப்புகழ்ச்சியும்

முன்னோர் விட்டுச் சென்ற மரபுச் செல்வத்தை அரபு மொழி 'துராஸ்' என்று குறிக்கும். தமிழில் நாம் அன்றாடம் ஆளும் 'வாரிசு' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. விட்டுச் செல்லப்பட்ட பொருளுக்குப் பெற்றுக்கொள்பவர் ஒருவர் வேண்டும் என்பது இச்சொற்களின் உட்கிடை. குமரி மாவட்டத்துச் சிறு நகரமான தக்கலையின் வரலாறு இதனை நன்கு உணர்த்துகிறது.

தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரத்தின் பழம்பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் இருப்பிடமாக விளங்கிய இவ்வூரின் அரண்மனைப் பணிகள் 1601ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மர், பின்னர் ஊருக்குப் பத்மநாபபுரம் எனப் பெயரிட்டார். அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக உயர்ந்து, 1777இல் மறைந்து, அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறிற்று.

1956 நவம்பர் முதல் நாள் கல்குளம் உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் தமிழகத்துடன் இணைந்தபோதும், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே நீடித்தது; இன்றும் அவ்வாறே உள்ளது. நிலம் ஒரு மாநிலத்தினது. காப்போர் மற்றொரு மாநிலத்தினர். ஆயினும் தாய்க்கொட்டாரத்தின் மரவேலைப்பாடும் உப்பரிகை மாளிகையின் சுவரோவியங்களும் காக்கப்பட்டு வருகின்றன. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இவ்வரண்மனை இடம்பெற்றது.

இந்நகரின் மற்றொரு செல்வம் மரத்தாலும் கல்லாலும் ஆனதன்று. தென்காசிப் பகுதியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து வாழ்ந்தார் என மரபு கூறும் பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருப்பது தக்கலையில்தான். ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம் முதலிய நூல்களை அவர்கள் அருளினார்கள். ஆண்டுதோறும் ரஜப் மாதம் 14ஆம் இரவில், தர்காவில் ஞானப்புகழ்ச்சி விடிய விடியப் பாடப்படுகிறது.

அரண்மனைக்குக் காவலர் உண்டு, நிதி உண்டு, சட்டம் உண்டு. பாடலுக்கோ அதனைப் பாடும் நாவும் உணரும் நெஞ்சுமே காவல். அப்பா அவர்களின் பாடல்களில் தஸவ்வுஃபின் அரபுக் கலைச்சொற்களும் சித்தர் மரபின் தமிழ்க் குறியீடுகளும் இரண்டறக் கலந்துள்ளன. அரபு மட்டும் கற்றவருக்கு அவற்றின் தமிழ் புலப்படாது. தமிழ் மட்டும் கற்றவருக்கு அவற்றின் தஸவ்வுஃப் எட்டாது. நம் கல்விமுறையோ இவ்விரு கல்வியையும் இரு வேறு கூடங்களில் பிரித்து வைத்துள்ளது. ஆகவே பாடுவோர் இருந்தும் பொருளுரைப்போர் அருகி வருகின்றனர்.

அரபுக் கல்லூரிகளின் இறுதி வகுப்புகளில் ஞானப்புகழ்ச்சியின் ஒரு பகுதியேனும் உரையுடன் பாடமாக்கப்பட வேண்டும். முதியோர் நாவில் வாழும் பாடுமுறையைப் பதிவு செய்யவும் வேண்டும். ஒரு மாநிலத்தின் மண்ணிலுள்ள அரண்மனையை மற்றொரு மாநிலம் பொறுப்பேற்றுக் காக்க முடிகிறது. நம் மொழியில், நம் மார்க்க ஞானத்தில் விளைந்த செல்வத்திற்கு வேறெவரும் வாரிசாக வரப்போவதில்லை.