தானியங்கி மின்னஞ்சல்களில் அனுப்புநர் பெயர்

அனுப்புநர் பெயர் என்பது, மின்னஞ்சலின் தலைப்பகுதியில் ‘ஃப்ரம்’ என்னும் வரியில் முகவரிக்கு முன்பாக நின்று, பெறுபவரின் திரையில் முதலிற் புலப்படும் சொற்றொடராகும். வங்கியின் வரவு அறிவிப்பு, ஆலையின் சம்பளச் சீட்டு, கல்லூரியின் கட்டண நினைவூட்டல் என, மனிதர் கை படாமல் கணினியே இயற்றி அனுப்பும் கடிதங்களில், அப்பெயர் எங்கிருந்து பிறக்கிறது என்பது தனித்து ஆராயத்தக்க விஷயம்.

ஒவ்வொரு கடிதமும் இரண்டு அனுப்புநர்களைத் தாங்கிச் செல்கிறது. சேவையகங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உறை முகவரி ஒன்று. சேராத கடிதம் திரும்பவேண்டிய இடத்தைக் குறிக்கும் அதற்குப் பெயரே கிடையாது. மற்றது ‘ஃப்ரம்’ வரி; 1982-இல் வெளிவந்த இணைய விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 822-உம், அதன் வழிவந்த 2008-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5322-உம் இதன் இலக்கணத்தை வகுத்தன. அனுப்பும் நிரல் பெயர் எதையும் தராவிடில், யூனிக்ஸ் கணினியில் பயனர் பதிவேட்டின் முழுப்பெயர்ப் பகுதி அவ்விடத்தை நிரப்புவதுண்டு. வேர்ட்பிரஸ் மென்பொருளோ, அமைப்பை மாற்றாதவரை, ‘வேர்ட்பிரஸ்’ என்ற தன் பெயரையே சூட்டிவிடுகிறது. பீளமேட்டுப் பம்பு உற்பத்தியாளர் ஒருவரின் இணையதளத்திலிருந்து செல்லும் கடிதம் அவ்வாறு அந்நியப் பெயரோடு போய்ச் சேருமாயின், வாடிக்கையாளர் அதைத் திறவாமலே ஒதுக்கிவிடக்கூடும்.

தமிழர் பெயர்களுக்கு ‘ஃப்ரம்’ வரியின் இலக்கணத்தில் பிரத்தியேகமான இடர்ப்பாடு ஒன்று உண்டு. தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய கொங்குநாட்டு அறிஞர் ம. ப. பெரியசாமித் தூரன் அவர்களின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால், முதலெழுத்துகளுக்குப் பின்வரும் புள்ளியை விதி விசேஷக் குறியாகக் கருதுவதால், பெயர் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடைப்பதே முறை. தமிழ் எழுத்திலேயே எழுதினால், 1996-இன் ஆர்.எஃப்.சி. 2047 விதித்தபடி அதை ரோமன் எழுத்துவடிவக் குறியீட்டுச் சொல்லாக மாற்றவேண்டும். ஆனால் குறியீட்டுச் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்தல் அதே விதியால் தடுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாது எல்லாப் பெயருக்கும் மேற்கோள் குறியிடும் நிரலினால், பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற எழுத்துக்கோவை திரையில் தோன்றக்கூடும். அன்றியும், ஒரு குறியீட்டுச் சொல் 75 எழுத்துகளைத் தாண்டலாகாது; யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும், புள்ளியும் துணைக்காலும் உட்பட, 3 பைட்டுகள் கொள்வதால், ‘கோயம்புத்தூர் மாநகராட்சி’ என்ற பெயர் 70 பைட்டுகளாகி, பேஸ்64 என்னும் குறியாக்க முறையில் மேலும் நீண்டு, இரண்டு சொற்களாகப் பிரிந்தே தீரவேண்டும். பிரிக்குமிடம் ஒரு குறியின் நடுவில் விழுந்துவிட்டால் அவ்வெழுத்து சிதைந்துபோகக்கூடும். தன் மொழியில் தன் பெயரைக் காணும் உரிமை இத்தகைய நுட்பங்களைச் சார்ந்திருப்பதால், நிரல் எழுதுவோர் இவற்றை அற்பமென்று ஒதுக்குதல் தகாது என்பது நம் அபிப்பிராயம்.

பெறுபவர் பக்கத்திலும் பெயர் மாறுவதுண்டு. முகவரிப் புத்தகம் பெரும்பாலும் முகவரியைக்கொண்டே ஆளை அறிகிறது. அங்கே பதிந்திருக்கும் பெயரைச் சில அஞ்சல் மென்பொருள்கள் கடிதத்திலுள்ள பெயருக்கு மேலாக மதித்துக் காட்டுகின்றன. ஒரு கல்லூரியின் விடுதி, நூலகம், தேர்வுப் பிரிவு மூன்றும் ஒரே ‘நோ-ரிப்ளை’ முகவரியிலிருந்து வெவ்வேறு பெயர்களில் எழுதுவதாகக் கொள்வோம். மாணவர் அம்முகவரியை ‘விடுதி அலுவலகம்’ என்று சேமித்திருந்தால், தேர்வு அறிவிப்பும் விடுதியிலிருந்தே வந்ததாகத் தோன்றலாம். பிரிவுக்கொரு முகவரி வைப்பதே இதற்குப் பரிகாரம்.

கடிதம் போலியா என்றறியப் பெறும் சேவையகங்கள் நடத்தும் எஸ்.பி.எஃப்., டிகேஐஎம், டிமார்க் ஆகிய சோதனைகள் முகவரியின் களப்பெயரைப் பரிசீலிக்கின்றனவேயன்றி, அனுப்புநர் பெயரை அவற்றுள் எதுவும் பரிசீலிப்பதில்லை. திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளருக்குப் பழகிய வெளிநாட்டு வணிகரின் பெயரையே தாங்கி, வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லும் கடிதம், அந்நியக் களத்திலிருந்து வந்தும் அச்சோதனைகள் அனைத்திலும் தேறிவிடக்கூடும். கைப்பேசித் திரையோ பெரும்பாலும் பெயரை மட்டுமே காட்டுகிறது. இத்தகைய மோசடிகளைத் தடுக்கும் பொருட்டு, 2025-இல் இந்திய ரிசர்வ் வங்கி, இந்நாட்டு வங்கிகள் ‘பேங்க்.இன்’ என்ற தனிக்களத்துக்கு அவ்வாண்டு அக்டோபர் 31-க்குள் மாறவேண்டுமென்று பணித்தது.