துளசிதாஸ் பலராம்: இருபத்தாறில் முடிந்த ஆட்டம்

நிந்தவூர்க் கடற்கரையில் அஸர் தொழுகை முடிந்த கையோடு பந்து உருளத் தொடங்கிவிடும். மணலில் வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளின் முதுகில் மிலானும் ஜுவெண்டஸும் எழுதப்பட்டிருக்கும். எங்கள் காலத்தில் அத்தகைய சட்டைகள் கிடையா. ஆயினும் பெயர்களைச் சூடிக்கொள்வதற்குச் சட்டை தேவைப்படவில்லை. 1982 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி முடிந்த மறுவாரத்தில் எங்கள் ஊரில் குறைந்தது பத்துப் பவுலோ ரொஸிகள் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ரொஸியை இன்றைய பிள்ளைகள் அறியார். இளமையிலேயே முழங்காலில் மூன்று சத்திர சிகிச்சைகளுக்கு ஆளானவர். ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் ஈராண்டுத் தடையும் அனுபவித்தார். தாம் குற்றமற்றவர் என்றே இறுதிவரை கூறிவந்தார். தடை நீங்கிச் சில வாரங்களிலேயே இத்தாலிய அணியில் சேர்க்கப்பட்டு, பிரேஸிலுக்கு எதிராக மூன்று கோல்கள், அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனிக்கு எதிராக ஒன்று என ஆறு கோல்களை அடித்து, கிண்ணத்தை இத்தாலிக்குப் பெற்றுக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 25. அவர் 2020 டிசம்பரில் மறைந்தபோது, எங்கள் இளமையில் ஒரு பகுதியும் அவரோடு போயிற்று என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் இன்று நான் எழுத வந்தது ரொஸியைப் பற்றி அல்ல. ரொஸிக்கு நான்கு வயதுகூட நிறையாத 1960 ஆம் ஆண்டில், இத்தாலிய மண்ணில், அன்றைய உலகின் வலிமைமிக்க அணிகளுள் ஒன்றுக்கு எதிராகக் கோல் அடித்த ஒரு முன்கள வீரரைப் பற்றி. அவர் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பெயர் துளசிதாஸ் பலராம். அந்தப் பெயரை எங்கள் கடற்கரையில் எவரும் சூடிக்கொண்டதில்லை. அது எங்களுக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

பலராம் 1936 ஒக்டோபரில், படை முகாம்கள் நிறைந்த செக்கந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்ற சிற்றூரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்து இந்திய வீரர்கள் பலர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள். 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுடன் மோதி 1-2 எனத் தோற்ற இந்திய அணியிலும் பெரும்பாலானோர் வெறுங்காலர்களே. 1952 இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பிறகுதான் சப்பாத்து அணிந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. சட்டம் போடுவது எளிது. ஏழைப் பிள்ளை சப்பாத்துக்கு எங்கே போவான்? பொலிஸார் கழித்துப்போட்ட பழைய சப்பாத்துகளைக் கொண்டு, செருப்புத் தைக்கும் ஒருவர் இரண்டு ரூபாவுக்குச் செய்து கொடுத்த சப்பாத்துகளே பலராமின் முதற் சப்பாத்துகள் என்பர்.

அவரைக் கண்டெடுத்தவர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராகத் தொழில் தொடங்கி, ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியை இந்தியாவின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாக்கி, 1950 முதல் இந்திய அணியையும் பயிற்றுவித்தவர். ஐரோப்பியர் புதிது புதிதாகக் கண்டுபிடித்த ஆட்ட முறைகளை உன்னிப்பாகப் படித்து, வகுப்பறையில் பாடம் நடத்துவதுபோல் தம் வீரர்களுக்கு விளக்குவார். ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னபோது, வந்துபோகக் காசில்லை என்றாராம் பலராம். துவிச்சக்கர வண்டியை வாடகைக்கு எடுக்கும் பணத்தை ரஹீமே கொடுத்தார் என்பது ஹைதராபாத் உதைபந்தாட்ட வட்டாரங்களில் இன்றும் பேசப்படும் செய்தி. அந்த வாடகைக் காசு இல்லாதிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் இருபது வயதுப் பலராமும் இருந்தார். அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குச் சென்ற இந்தியா, அங்கே யூகோஸ்லாவியாவிடமும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா எட்டிய உச்சம் அதுவே. 1957 இல் பலராம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். ஹைதராபாத் மாநிலத்துக்கும் பின்னர் வங்காளத்துக்கும் ஆடிச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் சேர்த்தே நினைக்கும் வழக்கம் அக்காலத்தில்தான் தோன்றியது. முன்வரிசையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் பலராம். தாமே கோல் அடிக்க வாய்ப்பிருந்தும் நல்ல இடத்தில் நிற்கும் தோழருக்குப் பந்தைக் கொடுத்துவிடுவார்.

1960 ஓகஸ்டில் ரோம் ஒலிம்பிக். ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய நாடுகளோடு இந்தியா ஒரே பிரிவில் இடம்பெற்றிருந்தது. மூன்றும் வலிய அணிகள். ஓகஸ்ட் 26 ஆம் திகதி, மத்திய இத்தாலியின் மலைநகரான லாக்குவிலாவில் ஹங்கேரியுடன் முதலாட்டம். ஹங்கேரிக்கு ஆடியவர்களுள் ஒருவர் ஃபுளோரியான் ஆல்பர்ட். பின்னாளில், 1967 இல், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்றவர். ஹங்கேரி இரண்டு கோல்களை அடித்து முன்னின்றது. ஆட்டம் முடியச் சுமார் பத்து நிமிடங்கள் இருக்கையில் பலராம் ஒரு கோலைத் திருப்பினார். இந்தியா 1-2 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸுடன் 1-1 எனச் சமநிலை, கோல் பி.கே. பானர்ஜியுடையது. இறுதியில் பெருவிடம் 1-3 எனத் தோல்வி. அணி முதற் சுற்றோடு வெளியேறியது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல்களை வாங்கித் திரும்பிய நாடு, ஹங்கேரியையும் பிரான்ஸையும் இறுதி நிமிடம் வரை அச்சுறுத்தியது. அதற்குப் பின் இன்றுவரை இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இடம்பெற்றதே இல்லை.

1961 இல் பலராம் ஈஸ்ட் பெங்காலின் அணித் தலைவர். அவ்வாண்டு அக்கழகம் கல்கத்தா லீக்கை வென்றது. மறு ஆண்டு அவருக்கு அர்ஜுனா விருது. அதே 1962 இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தாய்லாந்துக்கும் ஜப்பானுக்கும் எதிராகப் பலராம் கோல் அடித்தார். செப்டம்பர் 4 ஆம் திகதி இறுதியாட்டத்தில் தென் கொரியாவை இந்தியா 2-1 என வென்றது. கோல்காப்பாளர் பீட்டர் தங்கராஜும் நம்மவரே. இஸ்ரேலும் தாய்வானும் விலக்கப்பட்டமை பற்றிய சர்ச்சையால் இந்தியர்மீது சினங்கொண்டிருந்த ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அரங்கில் எதிர்க்கூச்சல் இட்டார்கள். அவர்கள் நடுவே பெற்ற தங்கம் அது. ஓரத்தில் நின்ற ரஹீமைப் புற்றுநோய் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தது.

1963 ஜூன் 11 ஆம் திகதி ரஹீம் காலமானார். அதே ஆண்டில் பலராமின் நுரையீரலையும் நோய் பற்றியது. ஆடக்கூடாது என்றார்கள் மருத்துவர்கள். இருபத்தேழு வயதை எட்டுமுன்னரே அவர் ஆட்டம் முடிந்தது. துவிச்சக்கர வண்டிக்குக் காசு கொடுத்த மனிதரையும், அந்த வண்டியை மிதித்த மூச்சையும் ஒரே ஆண்டில் இழந்தார் அவர்.

அதன்பின் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதே பலருக்கு வியப்பாக இருக்கும். ரயில்வேயில் பணியாற்றினார், இளைஞர்களைப் பயிற்றுவித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், ஆற்றங்கரை ஊரொன்றில், ஆரவாரங்களிலிருந்து விலகித் தனியே வாழ்ந்தார். கோஸ்வாமிக்கு 1983 இலும் பானர்ஜிக்கு 1990 இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மூவரில் பலராமுக்கு மட்டும் அது கிட்டவில்லை. மற்ற இருவரும் 2020 இல், ஒரு மாத இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்தார்கள். பலராம் 2023 பெப்ரவரி 16 ஆம் திகதி காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு ரஹீமின் வாழ்க்கை ஹிந்தித் திரைப்படமாக வந்தது. அதைக் காண மூவரில் ஒருவரும் இல்லை.

ரொஸியையும் பலராமையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இருவரையும் இளமையிலேயே உடல் கைவிட்டது. ரொஸிக்குச் சத்திர சிகிச்சை செய்யவும், தேறும்வரை காத்திருக்கவும், தடை முடிந்ததும் மீண்டும் அழைக்கவும் ஒரு தொழில்முறை அமைப்பு இருந்தது. பலராமுக்கு இருந்தவர் ஒரு மனிதர். அந்த மனிதர் மறைந்தபின் அவ்விடத்தை நிரப்ப எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. நோயை எவரும் தடுத்திருக்க முடியாமற் போயிருக்கலாம். ஆனால், இருபத்தாறு வயதில் இரண்டு ஒலிம்பிக்குகளையும் ஓர் ஆசியத் தங்கத்தையும் கண்ட ஒருவரை அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு மறந்திருப்பதைத் தடுத்திருக்கலாம் அல்லவா?

எங்கள் கடற்கரையிலும் இது புதிதன்று. என்னோடு ஆடியவர்களில் என்னைவிடப் பன்மடங்கு திறமை படைத்த ஒருவர் இருந்தார். முழங்கால் பிசகிய ஒரு மாலைக்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கம் வரவில்லை. சில காலம் விசாரித்தோம், பிறகு விட்டுவிட்டோம். அண்மையில் சந்தையில் கண்டபோது, “அந்தக் காலத்துல நான் எப்படி விளையாடுவேன் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இதைக் கேட்க அவர் நாற்பது ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்.

நாளை அஸருக்குப் பின் கடற்கரைக்குப் போவேன். ஜுவெண்டஸ் சட்டை அணிந்த பிள்ளை ஒருவனை நிறுத்தி, இத்தாலியில் கோல் அடித்த பலராமின் கதையைச் சொல்லப் போகிறேன். ஆட்டத்தை இடைநிறுத்தியதற்காக அவன் முணுமுணுப்பான். பரவாயில்லை.