உலாவி யாருடைய ஆள்?

போன செமஸ்டர், ஒப்படை குடுக்கிற கடைசிக் கிழமை. போர்டிங் அறையில் நாலு பேர், ஒரு பழைய லெப்டொப், ஒருத்தரின் போனில் இருந்து ஹொட்ஸ்பொட். ஐந்து பந்திச் செய்தி ஒன்றை வாசிக்க ஒரு தளத்தைத் திறந்தோம். எழுத்து வர முதலே வீடியோ ஓடத் தொடங்கிச்சு. அதை மூடினால் கீழே இருந்து இன்னொரு பெட்டி எழும்பிச்சு. மூன்றாம் பந்தியில் நிற்கேக்க டேட்டா முடிஞ்சு போச்சு.

அடுத்த நாள் இதைச் சொல்லிப் புலம்பினபோது, பக்கத்து அறைச் சீனியர் அக்கா தன்ர லெப்டொப்பில் அதே பக்கத்தைத் திறந்து காட்டினா. வீடியோ வரவே இல்லை. முகவரிப் பட்டையின் ஓரத்தில் தாள் மாதிரி இருந்த ஒரு சின்னப் படத்தை அழுத்தினா. எழுத்து மட்டும் மிஞ்சிச்சு. "இதெல்லாம் உங்கட பிரவுசரிலயும் செய்யலாம். ஒருநாளும் செட்டிங்ஸ் பக்கம் போய்ப் பார்க்கேல்லயோ?" என்று கேட்டா. உண்மையில் நாங்கள் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை.

உலாவியை எங்களுக்கு ஏற்றமாதிரி மாற்றுவதற்கு 'பத்து வழிகள்', 'இருபது வழிகள்' என்று பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். ஆனால் அந்த வழிகள் எங்கிருந்து வந்தன? யார் கேட்டு வந்தன? வரலாறு படிக்கிற பிள்ளைகள் என்றபடியால் அந்தப் பக்கமாகத் தேடிப் பார்த்தோம். கிடைத்தது முப்பது வருசத்துக்கு மேற்பட்ட ஒரு இழுபறியின் கதை. திரையில் வருவதைத் தீர்மானிப்பது எழுதினவரா, தளத்தின் முதலாளியா, உலாவியைச் செய்த கம்பனியா, வாசிக்கிற நாங்களா? செட்டிங்ஸில் இருக்கிற அநேகமான பெட்டிகள் இந்தக் கேள்விக்கு ஏதோவொரு காலத்தில் கிடைத்த பதில்கள்தான்.

வாசகரின் முகவர்

இணையத்தின் தரநிலை ஆவணங்கள் உலாவியைப் 'பயனர் முகவர்' என்றுதான் குறிப்பிடுகின்றன. எங்கள் சார்பில் போய்ப் பக்கத்தை எடுத்து வந்து, எங்களுக்கு ஏற்றபடி காட்டுகிற ஆள் என்று அர்த்தம். 1990இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ செய்த முதல் உலாவியில் பக்கங்களை வாசிக்கவும் முடிந்தது, எழுதவும் முடிந்தது. ஆரம்பத்தில் ஒரு இணையப் பக்கம் 'இது தலைப்பு, இது பந்தி, இது இணைப்பு' என்று மட்டும்தான் சொன்னது. தலைப்பு எவ்வளவு பெரிதாக, என்ன எழுத்துருவில் வரவேண்டும் என்பது உலாவியினதும் வாசிப்பவரினதும் விருப்பம்.

1993இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் இருந்து மொசைக் வந்தது. மார்க் அன்ட்ரீசனும் எரிக் பீனாவும் எழுதியது. எழுத்துக்கு நடுவிலேயே படம் காட்டி, சாதாரண ஆட்களையும் இணையத்துக்குள் கொண்டுவந்த உலாவி இது. 1994 டிசம்பரில் நெட்ஸ்கேப் வந்தபோது தொலைபேசிக் கம்பி வழியாகப் படங்கள் ஊர்ந்து ஊர்ந்துதான் வரும். அதனால் 'படங்களைத் தானாக ஏற்று' என்ற தெரிவு அதன் மெனுவிலேயே இருந்தது. அதை நிறுத்திவிட்டு எழுத்தை வாசிக்கலாம். விரும்பினால் பிறகு படத்தைக் கூப்பிடலாம். டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற எங்களுக்கு இன்றைக்கும் அதே வசதிதான் தேவை. இன்றைய உலாவிகளில் அதை உள்ளுக்குள் போய்த் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பக்கம் எழுதினவர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்கள் நினைத்த நிறமும் பருமனும் அப்படியே வரவேண்டும் என்று கேட்டார்கள். 1994 ஒக்ரோபர் 10ஆம் திகதி நோர்வேக்காரரான ஹோகொன் வீயும் லீ ஒரு திட்டத்தை வெளியிட்டார். இன்று சி.எஸ்.எஸ். என்று நாங்கள் அறிகிற அலங்கார மொழியின் தொடக்கம் அதுதான். எழுதுபவரும் வாசிப்பவரும் தங்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்லலாம், எவருடையதற்கு எத்தனை வீதம் செல்வாக்கு என்பதை எண்ணில் குறிக்கலாம் என்று அதில் முன்மொழிந்திருந்தார். பக்கத்தின் தோற்றத்தை ஒரு பேச்சுவார்த்தையாக நினைத்திருக்கிறார் மனுசன்!

வீதக் கணக்கு நிலைக்கவில்லை. 1996 டிசம்பரில் முதல் தரநிலை வந்தபோது, இரண்டு பேருமே 'இது முக்கியம்' என்று அடித்துச் சொன்னால் எழுதினவரின் சொல்தான் செல்லும் என்று இருந்தது. 1998 மே மாதம் இரண்டாம் தரநிலை வந்தபோது அதை நேர்மாறாக்கினார்கள்: வாசகர் 'முக்கியம்' என்று சொன்னால் வாசகர் சொன்னதுதான் சட்டம். பார்வை குறைந்த ஒருவருக்குப் பெரிய எழுத்தும் தெளிவான நிறமும் அழகுக்காக இல்லை, வாசிக்கவே அதுதான் வேண்டும் என்பது காரணம். ஒரு வரி விதிதான். ஆனால் அது யாருக்குச் சார்பாக எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அந்த விதியின் பேரப்பிள்ளைகள் இன்றும் செட்டிங்ஸில் இருக்கிறார்கள். பயர்பொக்ஸிலும் குரோமிலும் எழுத்துருப் பகுதிக்குப் போனால் ஆகக் குறைந்த எழுத்துப் பருமனைக் குறித்துவிடலாம். அதற்குக் கீழே எந்தத் தளமும் எழுத்தைச் சுருக்க முடியாது. பயர்பொக்ஸில் தமிழுக்கென்றே தனியாக எழுத்துருவும் பருமனும் தெரிவு செய்யலாம். தமிழ் எழுத்து நெருக்கமாக வந்து கண் உளைகிற ஆட்கள் முதலில் செய்ய வேண்டியது இது.

தமிழ் வாசிக்க உலாவியைத் திருத்தின காலம்

தமிழருக்கு இந்தத் தெரிவுகள் ஒரு காலத்தில் வசதி இல்லை, கட்டாயம். யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் சாதாரண ஆட்களின் கணினிகள் அதைக் காட்டுவதற்குப் பல வருசம் எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துரு. எங்கட பக்கம் பாமினி. தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வேறு வேறு. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டில் தாப், தாம் என்ற குறியேற்றங்கள் முன்வைக்கப்பட்டன. அதே காலத்தில் இணைய மடற்குழுக்களில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம்.

எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் வருவது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருப்பதால் சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி வந்து நிற்கும். தமிழ் வாசிக்க விரும்பினவர் எழுத்துருவை இறக்கி, கணினியில் நிறுவி, உலாவியின் குறியேற்ற மெனுவில் 'பயனர் வரையறுத்தது' என்பதைத் தெரிவு செய்து, அதற்கு அந்த எழுத்துருவை ஒதுக்க வேண்டும். செட்டிங்ஸுக்குள் போகத் தெரியாத ஆளுக்குத் தமிழ் இணையம் இல்லை.

இதை வெறும் பழங்கதை என்று நினைக்காதீர்கள். பழைய பாமினிக் கோப்பில் இருந்து ஒரு பந்தியைக் கொப்பி பண்ணி யுனிகோட்டில் ஒட்டிப் பார்த்தால் தெரியும். அந்த அரைப்புள்ளிகள் இன்னமும் எங்களோடதான் இருக்கின்றன.

சின்னத் துண்டுச் சீட்டு

1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொன்டுலி, குக்கி என்பதை உருவாக்கினார். தளம் உங்கள் உலாவியிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவைக்கிறது; திரும்பப் போகும்போது அதைப் பார்த்து உங்களை அடையாளம் காண்கிறது. இணையக் கடையில் கூடைக்குள் போட்ட சாமான் அப்படியே இருப்பது இதனால்தான். ஆனால் பக்கத்துக்குள் இருக்கிற விளம்பரக் கம்பனியும் தன் பங்குக்கு ஒரு சீட்டைச் சொருகலாம். அதே கம்பனியின் விளம்பரம் நூறு தளங்களில் இருந்தால் நூறு தளங்களிலும் உங்கள் காலடியைப் பார்க்கலாம்.

இந்த ஆபத்தை அப்போதே கண்டார்கள். 1997 பெப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் அதே மொன்டுலியும் எழுதிய தரநிலை ஆவணம், இப்படிப்பட்ட மூன்றாம் ஆள் குக்கிகளை உலாவி அனுமதிக்கக்கூடாது, அனுமதிப்பதென்றாலும் அது இயல்புநிலையாக இருக்கக்கூடாது என்றது. அந்தக் காலத்துப் பெரிய உலாவிகள் இரண்டும் அதைப் பொருட்படுத்தவில்லை. சஃபாரி 2020இல்தான் முழுமையாகத் தடுத்தது. பயர்பொக்ஸ் 2019இல் பின்தொடர்கிற குக்கிகளை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. குரோமில் இரண்டு வருசத்துக்குள் நிறுத்துவோம் என்று கூகுள் 2020இல் அறிவித்தது. தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆனபடியால் குரோம் பாவிக்கிற ஆட்கள் தனியுரிமைப் பகுதிக்குப் போய் 'மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடு' என்பதைத் தாங்களே தெரிவு செய்ய வேண்டும். அரை நிமிட வேலை.

சோதனைக்குப் படிக்காமல் செய்த வேலை

2001இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு வந்தது. போட்டியில் வென்றாச்சு என்றதும் மைக்ரோசொப்ட் கைகட்டிக் கொண்டது. ஏழாம் பதிப்பு வர 2006 ஆனது. அந்த இடைவெளியில் 2002 செப்டெம்பரில், நெட்ஸ்கேப் திறந்துவிட்ட மூலநிரலில் இருந்து பீனிக்ஸ் என்ற சின்ன உலாவி பிறந்தது. பெயர் இரண்டு தரம் மாறி, 2004 நவம்பர் 9ஆம் திகதி பயர்பொக்ஸ் 1.0 ஆக வெளிவந்தது.

அதன் பலம் நீட்சிகள். பயர்பொக்ஸின் பொத்தான்களும் மெனுக்களும் இணையப் பக்கம் மாதிரியான ஒரு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தன. அதனால் வெளியாள் ஒருவர் எழுதுகிற நீட்சியும் உலாவியின் எந்த மூலையையும் மாற்றலாம். 2002இல் டென்மார்க்கில் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஹென்றிக் ஒஸ்டெட் சோரன்சன், சோதனைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் விளம்பரத்தை மறைக்கிற நீட்சி ஒன்றை எழுதினார். அதுதான் அட்புளொக். (படிக்கிற நேரத்தில் வேறு வேலை பார்க்கிற எங்கள் எல்லாருக்கும் இது ஒரு ஆறுதல்.) அதற்குப் பிறகு ஆரன் பூட்மன், கிரீஸ்மங்கியைக் கொண்டுவந்தார். வாசகர் எழுதிய சிறு நிரல், ஒரு தளத்தைத் திறந்தவுடன் அதற்குள் ஓடி அதைத் திருத்தும். 1994இன் அந்தப் பேச்சுவார்த்தையில் வாசகருக்கு இவ்வளவு பலம் அதற்கு முன்னர் இருந்ததில்லை.

கதவு சிறுக்கிறது

2008 செப்டெம்பரில் கூகுள் குரோமை வெளியிட்டது. வேகம், எளிமை, பாதுகாப்பு மூன்றிலும் மற்ற உலாவிகளை ஓட வைத்தது. 2010இல் அதற்கும் நீட்சிகள் வந்தன; அந்த வேலையில் பூட்மனும் இருந்தார். ஆனால் குரோமில் நீட்சிக்கு விட்டது சில வாசல்கள் மட்டும். 2017 நவம்பரில் பயர்பொக்ஸும் 57ஆம் பதிப்போடு தன் பழைய நீட்சிகளைக் கைவிட்டு, குரோமை ஒத்த முறைக்கு மாறியது. அதற்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எதையும் தொடலாம் என்றால் கெட்ட நீட்சியும் எதையும் தொடும். உலாவியில் ஒன்றைத் திருத்த, பத்து நீட்சிகள் உடையும். ஆனாலும் பலர் வருசக்கணக்காகப் பாவித்த கருவிகள் அன்றோடு போயின.

அடுத்த அடி குரோமின் 'மனிபெஸ்ட் மூன்று' என்ற விதிமுறை. முன்பு ஒரு நீட்சி, உலாவி அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பார்த்து 'இது போகலாம், இது வேண்டாம்' என்று சொல்லலாம். இப்போது விதிகளின் பட்டியலை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், முடிவெடுப்பது உலாவி. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும்தான் இது என்கிறது கூகுள். அதன் வருமானத்தின் பெரும்பகுதி விளம்பரம் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. றேமண்ட் ஹில் எழுதிய யூபுளொக் ஒரிஜின் நீட்சி இப்படித்தான் குரோமில் நின்றுபோனது. சுருக்கிய லைட் வடிவம் மட்டும் கிடைக்கிறது. பயர்பொக்ஸில் முழு வடிவமும் இயங்குகிறது. ஆனால் பயர்பொக்ஸின் வருமானத்தில் பெரும்பங்கும் கூகுளைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கிற காசுதான். சுத்தமான கை எவருக்கும் இல்லை.

எங்கட அறையில் இப்ப

அக்கா காட்டினது இரண்டு விசயம். ஒன்று வாசிப்புத் தோற்றம். 2009இல் ரீடபிலிற்றி என்ற சிறு கருவியாக வந்து, 2010இல் சஃபாரிக்குள்ளும் பிறகு மற்ற உலாவிகளுக்குள்ளும் புகுந்தது. கண்ணுக்கு அது பெரிய உதவி. ஆனால் பக்கம் வந்த பிறகுதான் அது வேலை செய்யும் என்பதால் டேட்டாவை அவ்வளவாக மிச்சம் பிடிக்காது. டேட்டாவைக் காப்பாற்றுவது மற்றது: பயர்பொக்ஸில் யூபுளொக் ஒரிஜினைப் போட்டு, அதன் செட்டிங்ஸில் 'இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஊடகங்களைத் தடு' என்பதைத் தெரிவு செய்வது. நெட்ஸ்கேப்பின் அந்தப் பழைய மெனு திரும்பி வந்த மாதிரி. அன்ட்ரொயிட் போனில் குரோமுக்கு நீட்சி போட முடியாது, பயர்பொக்ஸுக்குப் போடலாம்.

மூன்றாவது நாங்களே கண்டுபிடித்தது. நூலகம் தளத்தின் தேடல் பெட்டிக்கு ஒரு சுருக்கச் சொல் கொடுத்து வைத்திருக்கிறோம். முகவரிப் பட்டையில் 'நூ' என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு பழைய சஞ்சிகையின் பெயரை எழுதினால் நேரே அங்கே போய் நிற்கும். குரோமிலும் பயர்பொக்ஸிலும் இது முடியும். ஒப்படை எழுதுகிற கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கண்டபாட்டுக்கு நீட்சிகளைப் போடாதீர்கள். நீங்கள் திறக்கிற பக்கம் எல்லாவற்றையும் வாசிக்க அனுமதி கேட்கிற நீட்சிகள் நிறைய. யார் செய்தது, எதற்கு அந்த அனுமதி என்று பார்க்காமல் 'சரி' கொடுத்தால், ஒரு முகவரை வெளியில் கலைத்துவிட்டு இன்னொரு ஒற்றனை உள்ளே எடுத்த கதையாகும்.

அக்கா படிப்பு முடிச்சுப் போயிட்டா. இந்த வருசம் போர்டிங்குக்கு வந்த தம்பிமார் தங்கச்சிமாருக்கு, தண்ணி எப்ப வரும், சாப்பாட்டுக் கடை எது என்று காட்டின கையோட, லெப்டொப்பைத் திறந்து செட்டிங்ஸையும் ஒருக்காக் காட்டினோம். ஒரு தங்கச்சி கேட்டா: "இது எல்லாம் முதலே போட்டு வந்தா என்ன?" அதுதானே கேள்வி. முதலே போட்டு வராததற்கு ஒரு வரலாறு இருக்கு என்று சொல்லத் தொடங்கினோம்.