கெல்டியத் தெய்வங்கள்: பிறர் எழுத்தில் எஞ்சிய வரலாறு

தெய்வங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துறையை வகுத்துக் காட்டுவது தொன்மவியல் கையேடுகளின் பொதுவான போக்காகும். கெல்டியத் தெய்வங்களுக்கு இம்முறை பொருந்துமா என்பதை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

கெல்டிய மக்களின் குருமாரான துரூயிதர், தம் சமயக் கல்வியை எழுத்தில் வடிப்பது முறையன்று எனக் கருதினர். இதனைக் கூறுபவர், இன்றைய பிரான்சை உள்ளடக்கிய காலியா நாட்டைக் கி.மு. முதல் நூற்றாண்டில் வென்ற ஜூலியஸ் சீசர். அவர் அம்மக்களின் தெய்வங்களை மெர்க்குரி, அப்பல்லோ, மார்ஸ், ஜூபிட்டர், மினர்வா என உரோமப் பெயர்களாலேயே சுட்டுகிறார். உள்ளூர்ப் பெயர் ஒன்றையும் தரவில்லை.

அப்பெயர்களுள் சிலவற்றைக் கல்வெட்டுகள் காத்துள்ளன. பேரரசர் திபேரியஸ் காலத்தில் (கி.பி. 14–37) பாரிஸ் பகுதிப் படகோட்டிகள் ஜூபிட்டருக்கு நிறுவிய தூணில், கெர்னுன்னோஸ், ஏசுஸ் ஆகிய பெயர்கள் இலத்தீன் எழுத்தில் உள்ளன. கெர்னுன்னோஸ் மான்கொம்பு தாங்கிய தெய்வம். கையேடுகள் அதனைக் ‘கானகத் தலைவன்’ என்கின்றன. தூணிலோ உருவமும் பெயரும் மட்டுமே உள்ளன.

இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றில் வழிபடப்பெற்ற சூலிஸ் மற்றொரு சான்று. உரோமர் அத்தேவியை மினர்வாவுடன் இணைத்தனர். அவ்வூற்றிலிருந்து ஏறத்தாழ 130 உலோகத் தகடுகள் கிடைத்துள்ளன. ஒரு தகட்டில், கையுறைகள் இரண்டைப் பறிகொடுத்த தோசிமெதிஸ் என்பவர், திருடியவர் அத்தேவியின் கோயிலிலேயே அறிவையும் கண்களையும் இழக்கவேண்டும் என முறையிடுகிறார். நலமளிக்கும் நீர்த்தெய்வம் எனக் கையேடுகள் குறிக்கும் சூலிஸ், இத்தகடுகளில் நீதி வழங்குபவளாகவே காணப்படுகிறாள்.

அயர்லாந்தின் நிலை வேறு. அங்குத் தொன்மங்களை எழுதியோர் கிறித்தவத் துறவியர். பிரிகித் புலவர்கள் வணங்கிய தேவி என்றும், மருத்துவத்திற்கும் கொல்லுத்தொழிலுக்கும் உரிய சகோதரியர் இருவர் அதே பெயரில் இருந்தனர் என்றும் ஒரு பழஞ்சொற்கோவை கூறுகிறது. அக்கோவை, 908இல் மறைந்த ஆயரும் அரசருமான கோர்மக் பெயரில் வழங்குவது.

ஆக, வென்றவர், வேண்டியவர், மதம் மாறிய வழித்தோன்றல் என மூவகையினர் எழுத்தே நம்மை வந்தடைந்துள்ளது. இவற்றை ஒன்றாகக் கலந்து ஒரே தெய்வக் குடும்பமாக அமைப்பது பிற்காலத்தார் முயற்சியே எனலாம். எனவே, இத்தெய்வங்களை மாணவருக்கு அறிமுகப்படுத்துங்கால், பெயரோடு அதனை எழுதியவர் யார், எக்காலத்தவர், எந்நோக்கினர் என்பதையும் உடன் கூறுதல் இன்றியமையாததாகும்.