கெவின் எரகான் ஆன கதை

'எரகான்' நாவலின் முதல் வரைவில் நாயகன் பெயர் கெவின். டிராகன் மேல ஏறிப் பறக்கிறவன் பேர் கெவினா? நல்லவேளை, கிறிஸ்டோபர் பயோலினிக்கே அது சரிப்படவில்லை. டிராகன் என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்தான 'டி'யைத் தூக்கிவிட்டு, அகரவரிசையில் அடுத்து வரும் 'ஈ'யைப் போட்டார். அவ்வளவுதான். பிரித்துச் சொன்னால் 'யுகம் போயிற்று' என்றும் ஆங்கிலக் காதில் விழும். டிராகன் வீரர்களின் காலம் முடிந்துபோன உலகம்தானே கதையில் வருவது!

அமெரிக்காவின் மொன்டானாவில், வீட்டிலேயே படித்த பையன். 15 வயதில் எழுதத் தொடங்கியதை 2002இல் குடும்பமே சொந்தமாகப் பதிப்பித்தது. அட்டையையும் பயோலினியே வரைந்தார்: சஃபிரா என்ற டிராகனின் ஒற்றைக் கண். அது கெட்டிக்காரத்தனம் என்பேன். முழு டிராகனை வரைந்து சொதப்புவதைவிட, ஒரு கண்ணைக் காட்டி மிச்சத்தை வாசகனிடம் விட்டுவிடலாம். உள்ளே இருக்கும் வரைபடமும் அவர் கைவேலைதான்.

பிறகு நூலகம், பள்ளி என்று 135க்கும் மேற்பட்ட இடங்களில் பேச்சு. இடைக்கால உடை போட்டுக்கொண்டு போய்ப் புத்தகம் விற்றார். எழுத்தாளர் கார்ல் ஹயசனின் வளர்ப்பு மகன் ஒரு பிரதியைப் படித்து மயங்க, ஹயசன் அதை நாஃப் பதிப்பகத்திடம் சொன்னார்.

2003இல் நாஃப் பதிப்பு வந்தபோது கண் போய்விட்டது. ஜான் ஜூட் பாலென்கார் வரைந்த நீல டிராகன் முகம் வந்தது. நம்மில் பலர் பார்த்திருப்பது அதைத்தான். பெயரில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.