மூட்டும் பொருத்தியும்
கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் மென்பொருளில் குழாயை வரைந்து திசை திருப்பினால் ‘எல்போ’ தானாக வந்து அமரும்; கிளை பிரித்தால் ‘டீ’. இதைத் தமிழில் கற்பிப்பவர்கள் பலர் எல்போ, டீ போன்ற துண்டையும், குழாய் முனைகள் சேரும் இடத்தையும் ‘இணைப்பு’ என்றே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது உறுத்துகிறது. இணை என்றால் சோடி, நிகர். ‘இணையடி’, ‘இணையற்ற’ என்னும் சொற்களில் அந்தப் பழம்பொருள் இன்னும் இருக்கிறது. பிறகு சேர்த்தல் என்று விரிந்து, மின் இணைப்பு, கேஸ் இணைப்பு, மின்னஞ்சல் இணைப்பு என எதற்கும் பொதுவாகிவிட்டது. முனைகள் சேருமிடத்துக்குத்தான் ‘மூட்டு’ இருக்கிறதே! முழங்கால் மூட்டு மட்டுமல்ல, கைலியின் இரு ஓரங்களைச் சேர்த்துத் தைப்பதும் மூட்டுவதுதான். சேர்ந்த இடம் மூட்டுவாய். பசை தடவிச் செருகினாலும் மரையில் திருகினாலும் அது மூட்டே. துண்டுக்கு, ‘பொருத்து’ என்பதிலிருந்து ‘பொருத்தி’ எனலாம்; கல்யாணப் பொருத்தம் போல இங்கும் அளவு ஒத்துப்போக வேண்டும். எல்போவை முழங்கை ஆக்க வேண்டாம், கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். ஆனால் மூட்டையும் பொருத்தியையும் பிரித்தே கற்பியுங்கள்: விலைப்பட்டியலில் எண்ணப்படுவது பொருத்தி, தண்ணீர் கசிவது பெரும்பாலும் மூட்டில்.