காணாமற்போன போர்வீரர் நினைவகங்கள்

போரில் மாண்டு உடல் கிடைக்காமல் போனவர்களுக்கும், கிடைத்தும் இன்னார் என்று அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்கும் எழுப்பப்படும் சின்னங்கள். இவற்றைப் பெருமளவில் எழுப்பும் வழக்கம் முதல் உலகப் போரோடு வேரூன்றியது. புதைத்த பிணத்தையும் பீரங்கிக் குண்டு மறுபடி சிதறடித்த போர் அது. 1917இல் ஃபேபியன் வேர் என்ற பிரிட்டிஷ்காரரின் முயற்சியால் பிரிட்டிஷ் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. பதவி, இனம், சமயம் பாராமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது அதன் கொள்கை. உடலே இல்லாதவனுக்குப் பெயர்தான் கல்லறை. பெல்ஜியத்தில் ஈப்பர் நகரின் மெனின் வாயில் (1927) 54,000க்கும் மேற்பட்ட பெயர்களையும், பிரான்சின் தியெப்வால் சின்னம் (1932) 72,000க்கும் மேற்பட்ட பெயர்களையும் தாங்கி நிற்கின்றன.

ஆனால் கொள்கை எல்லோருக்கும் எட்டவில்லை. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) காணாமற்போன 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா சின்னத்தில் பிரிட்டிஷ் படையினர், இந்திய அதிகாரிகள் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினரும் போரிட்ட களம் அது. இந்துக்கள் எரிப்பவர்கள், அவர்களுக்குக் கல்லறை எதற்கு என்று கேட்கலாம். காணாமற்போனவர் சின்னத்துக்கு உடலே தேவையில்லை என்பதால் அந்தக் கேள்வி இங்கே பொருந்தாது. பெயர் பொறிப்பது இந்திய மரபல்ல என்றும் சொல்ல முடியாது. ஆநிரை மீட்டு விழுந்தவனின் பெயரைச் செங்கம் வட்டார நடுகற்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே பொறித்து வைத்தன. சிப்பாய்களைப் பற்றிய பதிவேடு சீராக இல்லை என்ற வாதத்துக்குச் சற்று வலு உண்டு. ஆனால் அதே இந்தியப் படையின் சிப்பாய்கள் உட்பட 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பிரான்சின் நவ் ஷப்பேல் சின்னத்தில் 1927இலேயே இடம்பெற்றுவிட்டன. ஐரோப்பியர் கண்ணில் படும் இடத்தில் முடிந்தது பாஸ்ராவில் முடியவில்லை என்றால், குறை பதிவேட்டில் மட்டும் இருந்ததாக ஏற்க இயலாது.

ஆணையம் அமைத்த சிறப்புக் குழு 2021இல் இதை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களே பெரும்பாலாக 45,000 முதல் 54,000 பேர் சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே விடுபட்டனர் என்றும் அக்குழு கணித்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. தமிழக ஊர்கள் சிலவற்றில் முதல் உலகப் போரை ஒட்டி நடப்பட்ட கற்பலகைகளிலும், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற எண்களே இன்றும் இருக்கின்றன.